அறிக்கையைப் படித்தல்: நுரையீரல் புற்றுநோயின் வகையறியும் ஆய்வகச் சோதனைகள்

மொழியியல் படித்தவர் நுரையீரல் புற்றுநோயைப் பற்றிப் பேச வருவது அவையினருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் மருத்துவர் அல்லோம். எவருக்கும் மருந்து கூறுவது இவ்வுரையின் நோக்கமும் அன்று. ஆய்வகத்திலிருந்து வரும் இரண்டு மூன்று பக்க அறிக்கையொன்று வீட்டு மேசையில் விரிக்கப்படும்போது, அதில் உள்ள சொற்கள் என்ன சொல்கின்றன, அவை எந்தச் சோதனையிலிருந்து பிறந்தன என்பதை விளக்குவதே நோக்கம். நம் வீடுகளில் அத்தகைய அறிக்கையை முதலில் மொழிபெயர்ப்பவர் மருத்துவர் அல்லர். பள்ளியிலோ தொடக்கக் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைகளே. ஆதலால் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இது தொடர்பில்லாத பொருள் ஆகாது.

2016ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்லியே தொடங்குவோம். நம்மோடு ஒரே பள்ளியில் தமிழாசிரியராகப் பணி தொடங்கிய நண்பர் ஒருவருக்கு இருமல் இரண்டு மாதமாக நீங்கவில்லை. வாழ்நாளில் புகை பிடித்தறியாதவர். எக்ஸ்-கதிர்ப் படத்தில் வலப்பக்க நுரையீரலில் நிழல் தெரிந்தது. ஊசியைச் செலுத்திச் சிறிது திசு எடுத்தார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. பேத்தி அதைப் பாட்டிக்குத் தமிழில் சொன்னாள். ‘நான் ஸ்மால் செல் கார்சினோமா’ என்பதை அவள் “சிறியது அல்லாத புற்றுநோய்” என்றாள். சிறியது அல்லாதது பெரியதுதானே என்று பாட்டி எடுத்துக்கொண்டார். அடுத்த வரிகளில் ஒன்று ‘பாசிட்டிவ்’, ஒன்று ‘நெகட்டிவ்’. ஒரு சோதனையில் வென்று மற்றொன்றில் தோற்றதாக வீட்டார் கருதினார்கள். கடைசி வரி, மரபணுச் சோதனைக்குத் திசு போதவில்லை, மீண்டும் எடுக்கவேண்டும் என்றது. அதை அவர்கள் ஆய்வகத்தின் பிழை என்று கொண்டார்கள்.

“அண்ணே, பெரிசுன்னு எழுதியிருக்காங்களாம். இனிமே குத்தி என்ன ஆகப் போகுது?” என்று நண்பரின் மனைவி நம்மிடம் தொலைபேசியில் கேட்டார். அதற்குள் மூன்று வாரங்கள் கழிந்திருந்தன. இரண்டாம் முறை திசு எடுக்க நண்பர் உடன்படவில்லை.

அந்த அறிக்கையை வரிவரியாகப் படிக்க நாம் உதவியை நாடியது, முன்பு நம்மிடம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் படித்துப் பின்னர் நோயியல் வல்லுநரான மாணவி ஒருவரிடம். அவர் இரண்டு சனிக்கிழமைக் காலைகளை நமக்காக ஒதுக்கினார். கீழே வருவனவற்றில் மருத்துவச் செய்தி அவர் துறையினுடையது. இலக்கணப் பேச்சு நம்முடையது.

பெயர்கள் எங்கிருந்து வந்தன

நோயியலில் பெயர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்த உருவத்திலிருந்து பிறந்தவை. கிரேக்கர் கட்டியைச் சூழ்ந்து பரவும் நாளங்களை நண்டின் கால்களாகக் கண்டார்கள். நாம் கறையான் எழுப்பும் புற்றைக் கண்டோம். நுரையீரல் புற்றின் உள்வகைகளிலும் இதே வழக்கம்தான். ‘ஸ்குவாமா’ என்ற இலத்தீன் சொல்லுக்குச் செதிள் என்று பொருள். தட்டையான செதிள்போன்ற உயிரணுக்களால் ஆனது செதிளணுப் புற்று. ‘அடேன்’ என்ற கிரேக்கச் சொல் சுரப்பியைக் குறிக்கும். சுரப்பி அமைப்பையோ சளிப்பொருளையோ உண்டாக்குவது சுரப்பிப் புற்று. சிற்றுயிரணுப் புற்றுக்கு முற்காலத்தில் ‘ஓட்ஸ்’ தானிய மணியின் பெயரையே சூட்டியிருந்தார்கள். உயிரணுக்கள் அவ்வாறு சிறியனவாகவும் நீண்டனவாகவும் தெரிந்தமையால். 1926ஆம் ஆண்டு வரை பலர் அதை நுரையீரலின் புற்றாகவே கருதவில்லை. மார்பின் நடுப்பகுதியில் தோன்றும் வேறொரு கட்டி என்றே எண்ணினார்கள். பார்னார்டு என்னும் ஆங்கிலேய நோயியலாளர்தாம் அது மூச்சுக்குழாயில் தோன்றும் புற்று என்று காட்டினார்.

இனி, நண்பர் வீட்டில் குழப்பம் விளைத்த பெயருக்கு வருவோம். நுரையீரல் புற்று உடைய நூறு பேரில் ஏறத்தாழ 15 பேருக்குச் சிற்றுயிரணு வகையும், ஏனைய 85 பேருக்கு ‘அது அல்லாத’ வகையும் இருக்கும். இங்குச் ‘சிறு’ என்ற அடை நோயின் அளவைக் குறிப்பதன்று. கட்டியின் அளவையும் குறிப்பதன்று. நுண்ணோக்கியில் தெரியும் உயிரணுவின் அளவையே குறிக்கிறது. இரத்தத்தில் உள்ள நிணநீர் அணுக்கள் மூன்றை வரிசையாக வைத்தால் வரும் அகலத்தினும் குறைவானது அவ்வுயிரணு. கைப்பிடி அளவுக்கு வளர்ந்த கட்டியும் சிற்றுயிரணுப் புற்றாக இருக்கலாம். கடலை அளவுள்ள கட்டி ‘சிற்றுயிரணு அல்லாத’ புற்றாக இருக்கலாம்.

எதிர்மறையால் ஒரு வகைக்குப் பெயரிடுவது நமக்குப் புதிதன்று. அஃறிணை என்ற சொல்லே அல்+திணை என்று பிரிவது. உயர்திணை அல்லாதது என்பதே அதன் பொருள். யானையும் கல்லும் மழையும் அஃறிணை. அவை ஓரினம் என்று எவரும் கருதுவதில்லை. அதுபோலவே சிற்றுயிரணு அல்லாதவை என்பதும் பல நோய்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை. அப்படிக் கட்டியதற்குக் காரணம் இருந்தது. சிற்றுயிரணுப் புற்று விரைந்து பரவும். அதற்கு அறுவையைவிட மருந்தும் கதிரும்தாம் பெரும்பாலும் வழி. ஏனையவற்றில், பரவாத நிலையில் கண்டால் அறுத்து நீக்கலாம். மருத்துவருக்கு நெடுங்காலம் இந்த ஒரு பிரிவே போதுமானதாக இருந்தது.

மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை இலக்கணப் பிழைதான். ‘சிறிய’ என்று பெயரெச்சமாக விரித்துவிட்டால் அது எந்தப் பெயரோடும் போய் ஒட்டிக்கொள்ளும். ‘சிறிய உயிரணு அல்லாத புற்றுநோய்’ என்பதை விரைந்து படிப்பவர் நடுவில் உள்ள சொல்லை விட்டுவிட்டுச் ‘சிறிய அல்லாத புற்றுநோய்’ என்றே கேட்பார். ‘சிற்றுயிரணு’ என்று தொகையாக்கிவிட்டால் ‘சிறு’ பிரிந்து ஓட இயலாது. ‘சிற்றுயிரணு வகை சாராத புற்று’ என்பது சற்று நீளம்தான். ஆயினும் பாட்டியை அச்சுறுத்தாது.

மூட்டையை ஏன் பிரிக்கவேண்டும்

இருபதாண்டுகளுக்கு முன்புவரை அறிக்கையில் ‘சிற்றுயிரணு வகை சாராதது’ என்று மட்டும் எழுதி முடித்தல் வழக்கமாகவே இருந்தது. உள்வகையைக் கண்டறிந்தாலும் மருந்து மாறப் போவதில்லை. அந்நிலையை மாற்றியவை சில மருந்துகள்.

பெவசிசுமாப் என்னும் மருந்து கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் புதுநாளங்கள் வளர்வதைத் தடுப்பது. 2004இல் வெளிவந்த ஆய்வில், செதிளணு வகை உடையவர்களுக்கு அதனால் உயிருக்கு ஊறு செய்யும் நுரையீரல் இரத்தப்போக்கு நேரக்கூடும் என்பது தெரியவந்தது. ஆகவே செதிளணு வகையா அன்றா என்பதை அறியாமல் அம்மருந்தைக் கொடுத்தல் தீங்காயிற்று. அடுத்தது பெமெட்ரெக்செட். 2008இல் வெளியான 1,725 பேர் ஆய்வில், சுரப்பிப் புற்று உடையோர் இம்மருந்தோடு சிஸ்பிளாட்டின் பெற்றபோது நடுமதிப்பாக 12.6 மாதமும், ஒப்பிட்ட ஜெம்சிட்டபின் கூட்டில் 10.9 மாதமும் உயிர் வாழ்ந்தார்கள். செதிளணு வகையில் இது தலைகீழாயிற்று: 9.4 மாதம், 10.8 மாதம். வேறுபாடு சில வாரங்களே என்று தோன்றலாம். எனினும், ஒரே மருந்து ஓர் உள்வகைக்கு நன்மையும் மற்றொன்றுக்குக் குறைவும் தருகிறது என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது. மரபணுத் திரிபுகளை நோக்கிய மாத்திரைகளும் அதே ஆண்டுகளில் வந்தன. அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

வண்ணமும் வடிவமும்

எடுத்த திசு முதலில் ஃபார்மலினில் இடப்படுகிறது. அழுகாமல் காப்பது மட்டும் அதன் வேலையன்று. புரதங்களை உள்ள இடத்திலேயே பிணைத்து நிறுத்துகிறது. 6 மணி நேரத்திற்குக் குறையாமலும் 48 மணி நேரத்திற்கு மிகாமலும் வைப்பது நல்லது என்பார்கள். குறைந்தால் திசு சரியாகப் பதப்படாது, மிகுந்தால் மரபணுப் பொருள் சிதையும். பின்னர்த் தண்ணீரை நீக்கி மெழுகில் பதித்து, மெழுகுக் கட்டியை மூன்று முதல் ஐந்து மைக்ரான் தடிப்புள்ள சீவல்களாகச் சீவுகிறார்கள். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் பதினைந்து இருபது சீவல் அடங்கும். அச்சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி இரண்டு சாயங்களை ஊட்டுகிறார்கள். ஒன்று ஹெமட்டாக்சிலின், நடு அமெரிக்கக் காடுகளில் வளரும் மரமொன்றின் வயிரத்திலிருந்து எடுப்பது. அது உயிரணுவின் கருவை நீலமாக்கும். மற்றொன்று இயோசின், கருவைச் சூழ்ந்த பகுதியை இளஞ்சிவப்பாக்கும். வைகறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது அச்சாயம். நாம் கண்ட தகட்டின் நிறமும் அப்படித்தான் இருந்தது.

இத்தனை புதிய கருவிகள் வந்த பின்னும் முதல் தீர்ப்பு இந்த நீலமும் சிவப்பும் உள்ள தகட்டிலேயே எழுதப்படுகிறது. சிற்றுயிரணுப் புற்றில் கருவைச் சுற்றிய பகுதி ஏறக்குறைய இல்லாததுபோல் இருக்கும். கருக்கள் நெருக்கியடித்து, ஒன்றின் வளைவுக்கு ஏற்ப மற்றொன்று வளைந்து நிற்கும். கருவின் உட்பொருள் உப்பும் மிளகும் தூவியதுபோல் பொடிப்பொடியாகத் தெரியும். பிரிந்து பெருகும் உயிரணுக்கள் மிகுதி. மேலும், மிக மென்மையான உயிரணுக்கள் ஆதலால் இடுக்கியால் கிள்ளி எடுக்கும்போதே நசுங்கி மைத்தீற்றல்போல் ஆகிவிடும். செதிளணுப் புற்றில், நம் தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் வட்டவட்டமாகத் திரண்டு முத்துப்போல் கிடக்கும். உயிரணுக்களுக்கு இடையே மெல்லிய பாலங்கள் தெரியும். சுரப்பிப் புற்றில் உயிரணுக்கள் ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து வளையமாக நிற்கும், அல்லது சளிப்பொருளைத் தம்முள் வைத்திருக்கும்.

இவ்வடையாளங்கள் தெளிவாக இருப்பின் வேறு சோதனை இன்றியே வகை கூறிவிடலாம். தெளிவாக இல்லாத தகடுகளே இடர். புற்று எவ்வளவு தன் இயல்பை இழந்து தாறுமாறாக வளர்கிறதோ, அவ்வளவுக்கு முத்தும் இராது, வளையமும் இராது. ஊசி எடுப்பது ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள நூல்போன்ற திசு. கட்டியின் வேறொரு மூலையில் முத்து இருந்தாலும் அது ஊசியில் சிக்கியிராது. நண்பரின் தகடு இத்தகையது. பெரிய கருக்கள், ஒழுங்கற்ற கூட்டம்; அதற்குமேல் வடிவம் ஒன்றும் சொல்லவில்லை.

உண்டு, இல்லை

வடிவம் பேசாதபோது புரதத்தைக் கேட்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளைச் சீவலின் மேல் இட்டு, அது பற்றிய இடத்தில் பழுப்பு நிறம் தோன்றுமாறு செய்வது இம்முறை. பழுப்பு தோன்றினால் ‘பாசிட்டிவ்’, தோன்றாவிட்டால் ‘நெகட்டிவ்’. மொழியியல் மாணவர்க்கு இது பழகிய ஏற்பாடு. ஒலியன்களை மூக்கொலியா அன்றா, குரலொலியா அன்றா என்ற கூட்டல் கழித்தல் குறிகளால் வேறுபடுத்துகிறோம் அல்லவா? மூக்கொலிக்குக் கூட்டல் இடுவதால் ‘ம’ சிறந்த ஒலியும் ‘ப’ தாழ்ந்த ஒலியும் ஆகிவிடா. அறிக்கையில் உள்ள பாசிட்டிவும் நெகட்டிவும் அவ்வளவே. அவற்றில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

சுரப்பி வகைக்குப் பயன்படும் முதன்மைக் குறி டிடிஎஃப்-1. நுரையீரலிலும் தைராய்டுச் சுரப்பியிலும் சில மரபணுக்களை இயக்கும் புரதம் இது. கருவில் பழுப்பாகத் தெரியும். நுரையீரல் சுரப்பிப் புற்றில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு இது உண்டு. நாப்சின்-ஏ என்பது துணைக்குறி. செதிளணு வகைக்குப் பி40. முன்பு பி63 என்ற குறியைப் பயன்படுத்தினார்கள்; அதற்கான எதிர்ப்பொருள் அப்புரதத்தின் நீண்ட வடிவையும் குறுகிய வடிவையும் சேர்த்தே பற்றுவதால் சுரப்பிப் புற்றுகள் சிலவற்றிலும் பழுப்பு தோன்றி மயக்கம் தந்தது. பி40 குறுகிய வடிவை மட்டும் பற்றும். ஒரு சொல்லின் இருபொருளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் அகராதிபோல.

ஆக, டிடிஎஃப்-1 உண்டு, பி40 இல்லை என்றால் சுரப்பி வகைபால் சாய்கிறது. டிடிஎஃப்-1 இல்லை, பி40 பரவலாக உண்டு என்றால் செதிளணு வகைபால். நண்பரின் அறிக்கையில் இருந்தது முன்னது. வீட்டார் வெற்றி தோல்வி என்று பிரித்துக்கொண்ட இரண்டு வரிகளும் உண்மையில் ஒரே செய்தியை இருமுறை சொன்னவை.

இரண்டும் இல்லாத தகடும் உண்டு. அப்போது நோயியல் வல்லுநர் மேற்கொண்டு வகுக்க இயலவில்லை என்றே எழுதுவார். சிலர் அதைக் கடமை தவறியதாகக் கொள்வார்கள். நம் கருத்தில் அது நேர்மை.

இங்கு ஓர் எச்சரிக்கை. டிடிஎஃப்-1 சிற்றுயிரணுப் புற்றிலும் பெரும்பாலும் உண்டு. தைராய்டுப் புற்றிலும் உண்டு. எனவே அக்குறியை மட்டும் நம்பி வகை சொல்லலாகாது. நீலச்சிவப்புத் தகட்டில் வடிவம் பார்த்துச் சிற்றுயிரணு அன்று என்று தெளிந்த பின்னரே அதற்குப் பொருள் உண்டு. சிற்றுயிரணு என ஐயம் எழுந்தால் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், சிடி56 ஆகிய குறிகளைத் தேடுவார்கள். நரம்பணுவின் இயல்பும் சுரப்பணுவின் இயல்பும் கலந்த உயிரணுக்களை அவை காட்டும். மற்றொரு வலை, நுரையீரலின் இயல்பான காற்றறை உயிரணுக்களிலும் டிடிஎஃப்-1 இருப்பது. புற்றின் நடுவே சிக்கிக்கொண்ட நல்ல உயிரணுவின் பழுப்பைப் புற்றினுடையதாகப் படித்துவிட்டால் தீர்ப்பே மாறிவிடும். சொல் ஒன்றாயினும் சூழலே பொருளைத் தரும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! எதிர்ப்பொருள் வேலை செய்கிறதா என்று அறிய, முன்பே விடை தெரிந்த திசு ஒன்றையும் உடன்வைத்துச் சோதிப்பது வழக்கம்.

இத்தனை குறிகள் இருக்க, எல்லாவற்றையும் ஒருசேரச் சோதித்தால் என்ன? நாமும் இக்கேள்வியைக் கேட்டோம். மாணவி மெழுகுக் கட்டி ஒன்றைக் கையில் தந்தார். அதில் திசு, வெள்ளைத் தாளில் பென்சிலால் இழுத்த சிறு கோடு அளவுதான். ஒவ்வொரு குறிக்கும் ஒரு சீவல் செலவாகும். கட்டியை மீண்டும் கருவியில் பொருத்தும்போது மேற்பரப்பைச் சமன்படுத்தவே சில சீவல் வீணாகும். இவ்வாறு செலவிட்டு வகை கண்டபின், மரபணுச் சோதனைக்குத் திசு இராது. ஆகையால் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வகைப்பாடு, சிறிய திசுக்களுக்கு இயன்றவரை ஒரு சுரப்பிக் குறியும் ஒரு செதிளணுக் குறியுமாக நிறுத்திக்கொண்டு எஞ்சியதைக் காக்கச் சொல்கிறது. நண்பரின் திசு அத்தகைய சிக்கனத்துக்குப் பின்னும் தீர்ந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் புற்றே இல்லாத நார்த்திசு. ‘போதவில்லை’ என்ற அந்த வரி யாருடைய பிழையையும் சொல்லவில்லை.

எழுத்தில் நேரும் விகாரம்

மரபணுச் சோதனை எதைத் தேடுகிறது? நண்பர் தமிழாசிரியர் என்பதால் அவருக்கு நன்னூலைக் கொண்டே விளக்கினோம். இங்கும் அவ்வாறே செய்வோம்.

இஜிஎஃப்ஆர் என்பது உயிரணுவின் மேற்புறத்தில் நின்று ‘வளர்’ என்ற செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும் புரதம். 1,210 அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட தொடர். அதை எழுதிவைத்துள்ள மரபணுவில் மூன்று மூன்று எழுத்தாகச் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். 858ஆம் இடத்தில் இருக்கவேண்டியது சிடிஜி என்ற மூவெழுத்து. லியூசின் என்று பொருள். நடு எழுத்து மாறிச் சிஜிஜி ஆனால் அர்ஜினின் ஆகிவிடும். எல்858ஆர் என்று அறிக்கையில் எழுதுவது இதைத்தான்: எல் என்பது லியூசின், ஆர் என்பது அர்ஜினின், நடுவில் இடத்தின் எண். ஓரெழுத்துத் திரிந்ததனால் அப்புரதம் செய்தி வராமலேயே ‘வளர்’ என்று ஏவிக்கொண்டிருக்கும்.

புணர்ச்சியில் நேரும் விகாரம் மூன்று என்பது மாணவர் அறிந்ததே: தோன்றல், திரிதல், கெடுதல். மேற்சொன்னது திரிதல். இம்மரபணுவின் 19ஆம் பகுதியில் சில எழுத்துகள் கெடுவது மற்றொரு வகை. பெரும்பாலும் 15 எழுத்துகள் கெட்டு ஐந்து அமினோ அமிலங்கள் இல்லாமற்போகும். மூன்றின் மடங்காகக் கெடுவதால் பின்னுள்ள தொடர் குலையாமல் படிக்கப்படுகிறது. 20ஆம் பகுதியில் எழுத்துகள் புதிதாகத் தோன்றுவது மூன்றாம் வகை. முன்னைய இரண்டும் சேர்ந்து இஜிஎஃப்ஆர் மாற்றங்களில் மிகப் பெரும்பங்கு. ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகள் அவ்விரண்டிலும் நன்கு வேலை செய்யும். தோன்றல் வகையில் பெரும்பாலும் செய்யா. ஆகவே இஜிஎஃப்ஆர் மாறியுள்ளது என்று மட்டும் தெரிந்தால் போதாது. எவ்விகாரம் என்று தெரியவேண்டும்.

இத்திரிபுகள் 2004இல் கண்டறியப்பட்டன. மேலை நாடுகளில் சுரப்பிப் புற்று உடையோரில் 10 முதல் 15 விழுக்காட்டினரிடம் இவை உள்ளன. கிழக்காசிய மக்களில் பாதிப்பேர் அளவுக்கு உள்ளன. புகை பிடிக்காதவரிடம் மிகுதி. 2009இல் வெளிவந்த ‘ஐபாஸ்’ ஆய்வு ஆசியாவிலேயே நடந்தது. சிங்கப்பூர், மலேசிய நோயாளிகளும் அதில் இடம்பெற்ற 1,217 பேரில் அடங்குவர். பெரும்பாலோர் புகை பிடிக்காதவர்கள். மருத்துவர்கள் அதுவரை ஆளைப் பார்த்து ஊகித்தார்கள்: பெண், ஆசியர், புகைக்காதவர் என்றால் மாத்திரை பயன்படும் என்று. ஆய்வு அவ்வூகத்தைக் கலைத்தது. திரிபு உள்ளவருள் 71.2 விழுக்காட்டினருக்கு ஜெஃபிட்டினிப்பால் கட்டி சுருங்கிற்று. திரிபு இல்லாதவருள் 1.1 விழுக்காட்டினருக்கே சுருங்கிற்று. பின்னவர்க்கு வழக்கமான மருந்தூசியே மேலாக இருந்தது. ஆளைப் பார்த்து ஊகிக்க இயலாது, எழுத்தைப் படித்தே ஆகவேண்டும் என்பதற்கு இவ்விரண்டு எண்களைவிட வலிய சான்று வேண்டுவதில்லை.

விகாரம் மட்டுமன்றிப் புணர்ச்சியே பிழையாக நேர்வதும் உண்டு. இரண்டாம் குரோமோசோமில் ஒரு துண்டு அறுந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டும்போது இஎம்எல்4 என்ற மரபணுவின் முற்பகுதியும் ஏஎல்கே என்ற மரபணுவின் பிற்பகுதியும் ஒட்டிக்கொள்கின்றன. நிலைமொழியின் தொடக்கத்தோடு வருமொழியின் ஈறு ஒட்டிய ஒரு பொய்ச்சொல். 2007இல் ஜப்பானியர் இதைக் கண்டறிந்தார்கள். நூற்றில் ஐந்து பேர் அளவில் காணப்படும். இதை அறியும் முறை பார்க்க அழகானது. ஏஎல்கே மரபணு அறுபடும் இடத்தின் இருபுறமும் சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் குறிகளை ஒட்டுவார்கள். அறுபடாத மரபணுவில் இரண்டும் அருகருகே நின்று மஞ்சளாகத் தெரியும். அறுந்தால் சிவப்பும் பச்சையும் விலகி நிற்கும். எண்ணிய உயிரணுக்களில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் விலகல் இருந்தால் உண்டு என்பார்கள். இப்போது இதற்கும் எதிர்ப்பொருள் சோதனை வந்துவிட்டது. ராஸ்1, ரெட், பிராஃப், மெட், கேராஸ் என்று தேடவேண்டிய மரபணுக்களின் பட்டியலும் நீண்டுவிட்டது. ஆகவே ஒவ்வொன்றாகக் கேட்பதை விட்டுப் பல மரபணுக்களை ஒரே முறையில் படித்துவிடும் புதிய வரிசையாக்க முறைக்கு ஆய்வகங்கள் மாறி வருகின்றன.

பிடி-எல்1 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு சொல். அறிக்கையில் 60 விழுக்காடு என்றிருந்தால் நோய் உடலில் 60 பங்கு பரவிவிட்டது என்று நினைப்பவர்கள் உளர். புற்றணுக்களில் நூற்றுக்கு அறுபதின் மேற்புறத்தில் அப்புரதம் தெரிந்தது என்பதே பொருள். நோயெதிர்ப்பு மருந்து பயன்படுமா என்று எடைபோட அவ்வெண் உதவும்.

காணப்படவில்லை

இரண்டாம் முறை திசு எடுக்க நண்பர் உடன்பட்டார். ஊசித்தடத்தில் புற்று பரவும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அது மிக அரிது என்று மருத்துவர் சொன்னதை அவர் மனைவிதான் கடைசியில் ஏற்று அவரையும் ஏற்கச் செய்தார். முடிவு எல்858ஆர். ஜெஃபிட்டினிப் தொடங்கிய ஒரு மாதத்தில் இருமல் நின்றது. ஓராண்டுக்கு மேல் வழக்கம்போல் காலையில் நடந்தார், செய்தித்தாளில் பிழை திருத்தினார்.

2017இல் கட்டி மீண்டும் வளர்ந்தது. இம்முறை ஊசிக்கு முன் இரத்தத்தைச் சோதித்தார்கள். இறக்கும் புற்றணுக்களிலிருந்து மரபணுத் துணுக்குகள் இரத்தத்தில் கலக்கும். அவற்றைப் பிடித்துப் படிப்பது இம்முறை. முதல் குழாயின் முடிவைப் பேத்தி “இல்லை” என்று மொழிபெயர்த்தபோது நாம் உடனிருந்தோம். ஆங்கிலத்தில் இருந்தது ‘நாட் டிடெக்டெட்’. நம் ‘இல்லை’ என்ற சொல் இன்மையையும் குறிக்கும், காணாமையையும் குறிக்கும். இரத்தச் சோதனையில் இவ்விரண்டும் வேறு: துணுக்குகள் குறைவாக இருந்தாலும் திரிபு தென்படாது. அவள் ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டுக் ‘காணப்படவில்லை’ என்று எழுதினாள். ஆறு வாரம் கழித்து எடுத்த இரண்டாம் குழாயில் டி790எம் காணப்பட்டது. பேத்தி அதைப் படித்ததும் நண்பர், “தோன்றலா, திரிதலா, கெடுதலா?” என்று கேட்டார். ஏசிஜி என்பது ஏடிஜி ஆகியிருந்தது. திரியோனின் மெத்தியோனினாகத் திரிந்திருந்தது. திரிதல் என்றோம். அத்திரிபுக்கென வந்திருந்த ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினார்.

2019இல் அவர் மறைந்தார். அறிக்கைகள் யாவும் பேத்தியிடம் உள்ளன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் அவர் எழுதிய தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. சிலவற்றை எழுதி, அடித்து, மீண்டும் எழுதியிருக்கிறார். ‘செதிளணு’, ‘சிற்றுயிரணு வகை சாராத’ என நாம் இங்கு ஆண்ட சொற்கள் அந்த ஓரங்களிலிருந்து எடுத்தவை.